பனியில் ஒரு மிட்டாய்ப் பெட்டி: குழந்தைகளின் மாயக்கதைகளில் நன்மை, தீமை, சோதனை

எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் குழந்தைகளுக்காக எழுதிய, நார்னியா என்ற மாய உலகத்தின் கதைகள் மறுபடி திரைக்கு வருகின்றன. ஏழு புத்தகங்களில் ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’வை எடுத்துக்கொண்டு நெட்ஃபிளிக்ஸுக்காகப் படம் இயக்குகிறார் கிரெட்டா கெர்விக். அந்தச் செய்தியோடு பழைய குழப்பங்கள் இரண்டும் திரும்ப வந்திருக்கின்றன. சூனியக்காரி, மந்திர மோதிரம், பேசும் மிருகம் எல்லாம் வருகிற கதையைக் கிறிஸ்தவப் பெற்றோர் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்பது ஒன்று. இதைக் கிறிஸ்தவக் கதை என்கிறார்களே, கதைக்குள் இயேசுவின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லையே என்பது மற்றொன்று.

இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. தீமை என்றால் என்ன, அது ஒரு மனிதனுக்குள் எப்படி நுழைகிறது, நுழைந்த பிறகு அவன் கதி என்ன என்பதில் கிறிஸ்தவத்துக்கென்று தெளிவான கருத்து உண்டு. லூயிஸின் கதைகள் கிறிஸ்தவக் கதைகளாக இருப்பது அந்தக் கருத்தினால்தான். சிங்கமும் சூனியக்காரியும் வருவது அதற்குப் பிறகுதான்.

முதலில் சொற்கள்

நன்மை, தீமை என்றதும் நம் மனதில் சட்டென்று வருவது ஒரு மல்யுத்தம். ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் இருட்டு, இரண்டுக்கும் சம பலம். பெரும்பாலான சாகசப் படங்கள் இந்த அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. ஆனால் இது கிறிஸ்தவக் கருத்து அல்ல; பாரசீகத்தில் மணி என்பவர் தொடங்கிய மணிக்கேய மதத்தின் கருத்து. புனித அகுஸ்தீன் (354–430) இளமையில் ஏறத்தாழ 9 ஆண்டுகள் அந்த மதத்தில்தான் இருந்தார். வெளியே வந்தபின் அவர் எழுதியதுதான் மேற்கத்திய கிறிஸ்தவச் சிந்தனைக்கு அடித்தளம்: கடவுள் படைத்த எல்லாமே நல்லது, தீமை என்று தனியாக ஒரு பொருள் கிடையாது, நல்லதில் ஏற்படும் குறைதான் தீமை.

சட்டையில் விழுந்த கிழிசலை நினைத்துப் பாருங்கள். கிழிசல் உண்மைதான், அதன் வழியே குளிரும் உடம்பில் ஏறும். ஆனால் கிழிசலை மட்டும் தனியே எடுத்து மடித்து வைக்க முடியாது. சட்டை இருந்தால்தான் கிழிசல். தீமையும் அப்படியே, நன்மையைப் பிடித்துக்கொண்டுதான் அதனால் இருக்க முடியும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. கிறிஸ்தவத்தில் சாத்தான் கடவுளுக்கு எதிர்ச்சமம் அல்ல. அவன் படைக்கப்பட்டவன், விழுந்துபோன தூதன். சாத்தானுக்கு எதிரே நிறுத்த வேண்டியவர் கடவுள் அல்ல, தலைமைத் தூதர் மிகாவேல்தான் என்று லூயிஸ் ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். நார்னியாவிலும் வெள்ளைச் சூனியக்காரியும் அஸ்லான் என்ற சிங்கமும் சரிக்குச் சரி நிற்பவர்கள் அல்லர். அவள் நூறு ஆண்டு குளிர்காலத்தை அந்த நாட்டின்மேல் போர்த்த முடிந்தது. ஆனால் ஒரு புல்லைக்கூட அவளால் படைக்க முடியாது. இருப்பதைக் கல்லாக்கத்தான் தெரியும்.

அடுத்த சொல் சோதனை. தமிழில் இந்த ஒரு சொல் இரண்டு வேலை செய்கிறது, குழப்பமும் அங்கேதான். ஆதியாகமம் 22-இல் “தேவன் ஆபிரகாமைச் சோதித்தார்” என்று இருக்கிறது. யாக்கோபு நிருபம் முதல் அதிகாரத்தில் தேவன் “ஒருவனையும் அவர் சோதிக்கிறவருமல்ல” என்று இருக்கிறது. முரண்பாடு போலத் தெரிந்தாலும் பொருள் வேறு வேறு. முதலாவது பரீட்சை, ஒருவரிடம் உள்ள நல்லதை வெளியே கொண்டுவருவது. இரண்டாவது இழுப்பு, ஒருவரைக் கீழே தள்ளுவதற்காகவே விரிக்கப்படும் வலை. மூலமொழியான கிரேக்கத்திலும் இதே இரட்டைப் பொருள் உண்டு. அதனால்தான் கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் இத்தாலிய மொழிபெயர்ப்பு, கடவுளே மனிதனைச் சோதனைக்குள் நடத்திப் போவதுபோல் ஒலிக்கிறது என்று சொல்லி, 2019-இல் போப் பிரான்சிஸ் காலத்தில் திருத்தப்பட்டது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவந்த “எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்” என்ற வரியில் அந்தச் சிக்கலே இல்லை. சோதனை வரும், அதில் விழாமல் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் அந்த வேண்டுதல்.

இனி இந்தக் கட்டுரையில் சோதனை என்று வருவதெல்லாம் இரண்டாவது பொருளில்தான்.

எட்மண்ட் விழுந்த விதம்

‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’ 1950-இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப்போரில் லண்டன்மேல் குண்டு விழுந்த காலத்தில் நாட்டுப்புற வீடு ஒன்றுக்கு அனுப்பப்பட்ட பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி என்ற நான்கு உடன்பிறப்புகளின் கதை. அலமாரி வழியாக நார்னியாவுக்குள் போன எட்மண்ட், பனிவண்டியில் வரும் வெள்ளைச் சூனியக்காரியைத் தனியாகச் சந்திக்கிறான். சில பக்கங்களே நீளமுள்ள காட்சிதான். ஆனால் ஒரு பிள்ளைக்குப் புரியும் மொழியில் சோதனையின் இயக்கத்தை இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டிய வேறு பக்கங்கள் குழந்தை இலக்கியத்தில் குறைவு என்றே நினைக்கிறேன். படிப்படியாகப் பார்க்கலாம்.

1. அவள் கொடுப்பது எதுவும் பார்வைக்குக் கெட்டதாக இல்லை. அவன் குளிரில் நடுங்குகிறான். செம்புக் குப்பியிலிருந்து ஒரு துளியைப் பனியில் சிந்துகிறாள். ஆவி பறக்கும் பானம் வந்து நிற்கிறது. குடித்ததும் கால் நுனிவரை சூடு பரவுகிறது. குளிரில் இருப்பவனுக்குச் சூடு தேவை. அது நியாயமான தேவை. பிசாசு இயேசுவிடம் வந்தபோதும் முதலில் தொட்டது 40 நாள் பசியைத்தான், கல்லை அப்பமாக்கச் சொல்லித்தான்.

2. அவனுக்கு என்ன வேண்டும் என்பதை அவனையே சொல்ல வைக்கிறாள். எது சாப்பிட உனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று கேட்கிறாள். டர்க்கிஷ் டிலைட் என்கிறான் அவன். பச்சைப் பட்டு ரிப்பன் கட்டிய வட்டப் பெட்டி ஒன்று பனியில் தோன்றுகிறது. “அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்” என்ற யாக்கோபின் வசனத்தில் அழுத்தம் விழ வேண்டிய சொல் ‘சுய’. வலையின் கண்ணி வெளியிலிருந்து வரலாம், அதில் மாட்டிக்கொள்ளும் கொக்கி நமக்குள்தான் இருக்கிறது.

ஏன் அந்த மிட்டாய்? சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்த்துக் காய்ச்சி, பன்னீர் மணக்க, சதுரமாக வெட்டி, மேலே பொடித்த சர்க்கரை தூவிய பண்டம் அது. நம் அல்வாவைப் போல மெத்தென்று இருக்கும். இன்றைய பிள்ளைக்கு, இதற்காகவா அண்ணன், அக்கா, தங்கையைக் காட்டிக்கொடுத்தான் என்று தோன்றும். ஆனால் பிரிட்டனில் 1942 முதல் மிட்டாய்க்கு ரேஷன். 1949-இல் கட்டுப்பாட்டைத் தளர்த்திப் பார்த்தார்கள். கடைகளில் கூட்டம் தாங்கவில்லை. சில மாதங்களில் மறுபடி ரேஷன். 1953 பிப்ரவரியில்தான் அது முழுமையாக நீங்கியது. அதாவது 1950-இல் இந்தப் புத்தகத்தை வாங்கிய வீட்டில், வாசித்த பிள்ளைக்கு மிட்டாய் என்பது கூப்பன் காட்டி எண்ணி வாங்கும் பொருள். பல பவுண்டு டர்க்கிஷ் டிலைட் ஒருவனுக்கே கிடைக்கிறது என்ற வரியை வாசிக்கும்போது அந்தப் பிள்ளைக்கும் வாயில் எச்சில் ஊறியிருக்கும். சோதனை எட்மண்டுக்கு மட்டும் வரவில்லை, வாசகனுக்கும் வந்தது. லூயிஸ் எங்கே கைவைத்தால் வலிக்கும் என்று தெரிந்து கைவைத்திருக்கிறார்.

3. வாய் நிறைய மிட்டாய் இருக்கும்போதுதான் கேள்விகள் வருகின்றன. எத்தனை பேர் நீங்கள், உன் தங்கை நார்னியாவுக்கு வந்தாளா, யாரைப் பார்த்தாள்? முதலில் வாயில் வைத்துக்கொண்டு பேசுவது மரியாதையில்லை என்று நினைக்கிறான். அப்புறம் அதையும் மறந்துவிடுகிறான். இவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு முறைகூட அவன் கேட்டுக்கொள்ளவில்லை. ஆசை முதலில் தின்பது விழிப்பை.

4. மிட்டாய் வெறும் தொடக்கம். உன்னை இளவரசனாக்குகிறேன், பிறகு ராஜா ஆக்குகிறேன், உன் கூடப்பிறந்தவர்களை அழைத்து வா என்கிறாள். எட்மண்டுக்கு அண்ணன் பீட்டரின் கீழே இருப்பது நெடுநாளாகவே உறுத்தல். ஏதேன் தோட்டத்திலும் கனி ‘புசிப்புக்கு நல்லது’ என்பதோடு நிற்கவில்லை. “நீங்கள் தேவர்களைப்போல் இருப்பீர்கள்” என்ற வாக்குறுதியும் சேர்ந்தே வந்தது. யோவான் தன் நிருபத்தில் மூன்றைச் சொல்கிறார்: மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை. மிட்டாய் முதலாவது, ரிப்பன் கட்டிய பெட்டியும் பனிவண்டியும் இரண்டாவது, சிம்மாசனம் மூன்றாவது. உண்மையில் அவனைக் கட்டிப்போட்டது மூன்றாவதுதான்.

5. பிறகு ஒரு சின்னத் துரோகம். வீட்டுக்குத் திரும்பியதும் லூசி ஆவலோடு மற்றவர்களிடம் சொல்கிறாள்: எட்மண்டும் வந்தான், அவனும் பார்த்தான். அவனோ, நாங்கள் சும்மா விளையாடினோம் என்று சொல்லிவிடுகிறான். இந்தப் பொய்யால் அவனுக்கு ஒரு மிட்டாய்கூடக் கிடைக்கவில்லை. லூசி சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள மனமில்லை, அவ்வளவுதான். எனக்கு இந்த இடம் சூனியக்காரியின் காட்சியைவிடப் பயங்கரமானது. இங்கே அவனைத் தூண்ட யாரும் இல்லை.

6. கடைசியில் அவன் தனக்குத்தானே வக்கீலாகிறான். பீவர் (நீரெலி) தம்பதியின் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவனுக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை, மனம் முழுக்க அந்த மிட்டாய். யாருக்கும் தெரியாமல், மேல்கோட்டைக்கூட எடுக்காமல், பனியில் சூனியக்காரியின் வீட்டுக்கு நடக்கிறான். வழியில் அவன் யோசிப்பதைக் கவனியுங்கள். அவள் இவர்களை ஒன்றும் பெரிதாகச் செய்துவிட மாட்டாள். அவளைப் பற்றிச் சொல்பவர்கள் எல்லாம் அவள் எதிரிகள். பாதிக்கு மேல் பொய்யாக இருக்கும். அப்புறம் தான் ராஜா ஆனதும் நல்ல ரோடு போடுவது, சொந்தமாக சினிமா கொட்டகை வைப்பது என்று திட்டம். அவள் கெட்டவள் என்பது அவனுக்கு அடிமனதில் தெரியும் என்று லூயிஸ் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். யாரும் தீமையைத் தீமை என்று வைத்துத் தேர்ந்தெடுப்பதில்லை, ஏதாவது ஒரு நன்மையின் சாயம் பூசித்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்று தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டில் சொன்னதன் குழந்தைப் பதிப்பு இந்த ராத்திரி நடை.

அவள் வீட்டில் அவனுக்குக் கிடைத்தது காய்ந்த ரொட்டியும் தண்ணீரும்.

மறுநாள் பனிவண்டியில் அவளோடு போகும்போது வழியில் ஓர் அணில் குடும்பமும் நரியும் வேறு சிலரும் சந்தோஷமாக விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேண்டாம் வேண்டாம் என்று எட்மண்ட் கத்தியும் கேட்காமல் அவள் எல்லோரையும் கல்லாக்கிவிடுகிறாள். கல்மேசை, கல்தட்டு, வாய்க்குப் பாதி தூரத்தில் நின்றுபோன கல் முள்கரண்டி. இந்தக் கதையில் எட்மண்ட் தன்னைத் தவிர வேறொருவருக்காக முதல் முறையாக வருந்தியது அப்போதுதான் என்கிறார் லூயிஸ். மனந்திரும்புதல் தொடங்குவதும் அங்கேதான். தனக்கு மிட்டாய் கிடைக்கவில்லை என்ற ஏமாற்றத்தில் அது தொடங்கவில்லை.

விழுந்தவனுக்கு என்ன ஆகும்?

வழக்கமான சாகசக் கதையில் துரோகி சாவான், இல்லை கடைசி நிமிடத்தில் ஒரு வீரச்செயல் செய்து கணக்கைத் தீர்ப்பான். இங்கே இரண்டும் இல்லை.

மீட்டுக்கொண்டுவரப்பட்ட எட்மண்ட் விடியற்காலையில் அஸ்லானோடு தனியாக நடக்கிறான். சிங்கம் என்ன சொன்னது என்பது நமக்குச் சொல்லப்படுவதில்லை. ஒரு கத்தோலிக்க வாசகருக்கு இது பாவசங்கீர்த்தனத்தின் (குருவிடம் பாவங்களை ஒப்புக்கொள்வதன்) இரகசியத்தை நினைவூட்டும். லூயிஸ் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர், ஆனாலும் அவரே பாவசங்கீர்த்தனம் செய்யும் பழக்கம் உள்ளவர். பிறகு எட்மண்ட் மற்ற மூவரிடமும் ஒவ்வொருவராகக் கைகுலுக்கி மன்னிப்புக் கேட்கிறான். நடந்ததைப் பற்றி இனிப் பேச வேண்டாம் என்கிறது சிங்கம்.

அத்தோடு விஷயம் முடியவில்லை. துரோகிகள் எல்லோரும் எனக்குச் சொந்தம், இது இந்த உலகத்தின் ஆதிச் சட்டம் என்று சூனியக்காரி வந்து நிற்கிறாள். அந்தச் சட்டத்தை எப்படியாவது ஏமாற்ற முடியாதா என்று சூசன் கேட்கும்போது அஸ்லானின் முகம் கடுக்கிறது. மன்னிப்பு என்பது சட்டத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது அல்ல. சிங்கம் எட்மண்டுக்குப் பதிலாகத் தன்னைக் கொடுக்கிறது. கல்மேசையில் கட்டி, பிடரியைச் சிரைத்து, கேலி செய்து கொல்கிறார்கள். விடியும்போது மேசை இரண்டாகப் பிளக்கிறது, சிங்கம் உயிரோடு நிற்கிறது. குற்றமே செய்யாத ஒருவர் துரோகிக்காக மனமுவந்து மாண்டால் மரணமே பின்னோக்கி நடக்கத் தொடங்கும் என்ற இன்னும் பழைய சட்டம் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்தப் பகுதியைச் சில இறையியலாளர்கள் குறை சொல்வதுண்டு: சாத்தானுக்குப் பாவிகள்மேல் உரிமை உண்டு என்பதுபோல் இருக்கிறதே என்று. ஆனால் லூயிஸ் இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆதிச் சபையில் செல்வாக்கோடு இருந்த விளக்கம் இது. 4-ஆம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி ஒரு படிமம் தருகிறார்: கிறிஸ்துவின் மனிதத்தன்மை இரை, அதற்குள் மறைந்திருந்த தெய்வத்தன்மை தூண்டில் முள், மரணம் இரையை விழுங்கி முள்ளில் மாட்டிக்கொண்டது. மிட்டாயை இரையாக வீசியவள் கல்மேசையில் தானே இரையை விழுங்குகிறாள். கதையின் இரண்டு முனைகளும் இப்படி ஒன்றையொன்று தொடுகின்றன.

இயேசுவின் பெயர் ஏன் இல்லை என்ற கேள்விக்கும் இங்கே பதில் உண்டு. அஸ்லானை லூயிஸ் உருவகம் என்று சொல்ல மறுத்தார். நார்னியா போல ஓர் உலகம் இருந்து, அதற்கும் மீட்பு தேவைப்பட்டால், கடவுளின் மகன் அங்கே எந்த உருவில் வருவார் என்ற ‘ஒருவேளை’தான் அஸ்லான் என்பது அவர் விளக்கம்.

இன்னும் கடினமான சோதனை: அம்மாவுக்காக ஓர் ஆப்பிள்

படமாகிவரும் ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ (1955) கதைக்காலத்தில் முந்தியது. இதில் டிகரி என்ற சிறுவன், பாலி என்ற சிறுமியோடு சார்ன் என்ற செத்துப்போன நகரத்துக்குப் போகிறான். அங்கே ஒரு மணி, ஒரு சுத்தியல், எழுதிவைத்த ஒரு பாட்டு: அடித்தால் ஆபத்து, அடிக்காமல் போனால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தே பைத்தியமாவாய். பாலி வேண்டாம் என்கிறாள். அவள் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு அவன் மணியை அடிக்கிறான். ஜேடிஸ் விழிக்கிறாள், பின்னாளில் வெள்ளைச் சூனியக்காரி ஆகப்போகிறவள்.

பிறகு அஸ்லான் விசாரிக்கும்போது, அந்த எழுத்தில் இருந்த மந்திரம் என்னைக் கொஞ்சம் மயக்கிவிட்டது போலிருக்கிறது என்கிறான். அப்படியா நினைக்கிறாய் என்று சிங்கம் தாழ்ந்த குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறது. இல்லை, மயங்கியதாக நடித்தேன் என்று ஒத்துக்கொள்கிறான் பையன். ஏதேனில் ஆதாம் ஏவாளைக் கைகாட்டினான், ஏவாள் சர்ப்பத்தைக் கைகாட்டினாள். இந்தப் பிள்ளை அந்தச் சங்கிலியை அறுத்துவிடுகிறான்.

அதன்பின் அவனுக்கு ஒரு வேலை தரப்படுகிறது. தூரத்து மலைத் தோட்டத்திலிருந்து ஓர் ஆப்பிளைப் பறித்து வர வேண்டும். வாசல் கதவிலேயே எழுதியிருக்கிறது: பிறருக்காகப் பறி, இல்லையேல் விட்டுவிடு. உள்ளே ஜேடிஸ் சுவரேறிக் குதித்து ஏற்கெனவே தின்று முடித்திருக்கிறாள், வாயோரம் சாறு. நீயும் தின்றால் சாவில்லை என்கிறாள். அதில் அவனுக்கு ஆர்வமில்லை. அப்போதுதான் அவள் சரியான நரம்பைத் தொடுகிறாள். வீட்டில் உன் அம்மா சாகக் கிடக்கிறாள், இந்தக் கனி அவளைக் குணமாக்கும், எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போ, போகாவிட்டால் நீ என்ன மகன்?

எட்மண்டின் மிட்டாயோடு இதை ஒப்பிட முடியாது. இங்கே கேட்கப்படுவது தாயின் உயிர். உலகத்திலேயே தூய ஆசை. கிறிஸ்தவச் சிந்தனையில் மிகக் கடினமான சோதனை இதுதான்: கெட்டதைச் செய் என்ற குரல் எளிதில் அடையாளம் தெரியும், நல்லதுக்காக ஒரே ஒரு தடவை வாக்கை மீறு என்ற குரல் அன்பின் குரலைப் போலவே ஒலிக்கும். மத்தேயு 4-இல் பிசாசும் சங்கீத வசனத்தையே மேற்கோள் காட்டித்தானே பேசினான்?

டிகரி எப்படித் தப்பித்தான்? பெரிய தத்துவம் எதுவும் சொல்லவில்லை. ஜேடிஸ் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டாள். அந்தப் பெண்ணை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாமே, யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். கூட வந்த பாலியைக் கைவிடச் சொன்ன அந்த அற்பத்தனத்தில் அவள் பேசியது எல்லாமே சாயம் வெளுத்துவிட்டது. தாய்மேல் இவ்வளவு இரக்கம் காட்டுகிறவள் இன்னொரு பிள்ளையைத் தூக்கியெறியச் சொல்வாளா என்று அவனுக்கு உறைத்தது.

இந்தக் காட்சியை எழுதியவருக்கு அது எவ்வளவு அருகில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். லூயிஸின் தாய் ஃப்ளோரா 1908 ஆகஸ்டில் புற்றுநோயால் இறந்தார். அப்போது லூயிஸுக்கு 9 வயது. அம்மா பிழைக்க வேண்டும் என்று ஜெபித்தும் நடக்கவில்லை. அந்தப் பையன் வளர்ந்து, பல ஆண்டுகள் நாத்திகராக இருந்து, 1931-இல் கிறிஸ்துவிடம் திரும்பி, ஐம்பது வயதைத் தாண்டியபின் இதை எழுதுகிறார். அம்மாவைக் குணமாக்க முடியுமா என்று கேட்டுவிட்டு டிகரி நிமிர்ந்து பார்க்கும்போது, அந்தச் சிங்கத்தின் கண்களில் தன் கண்ணீரைவிடப் பெரிய கண்ணீர் நிற்கிறது. வெறுங்கையோடு போக வேண்டியதுதான் என்று நினைத்து ஆப்பிளை ஒப்படைத்தவனுக்குக் கடைசியில் இன்னோர் ஆப்பிள் பரிசாகக் கிடைக்கிறது. கதையில் அம்மா பிழைக்கிறாள். திருடியிருந்தாலும் அது அவளைக் குணமாக்கியிருக்கும், ஆனால் ஒரு நாள் நீங்கள் இருவருமே அந்தக் குணம் வேண்டாம் என்று வருந்தியிருப்பீர்கள் என்கிறது சிங்கம்.

தானே உரிக்க முடியாத தோல்

சோதனையை மன உறுதியால் வெல்லலாம் என்பது பொதுவான நீதிக்கதைகளின் பாடம். கிறிஸ்தவம் அங்கே நிற்பதில்லை. மனிதனால் முடியாத ஓர் இடம் உண்டு, அங்கே கிருபை வேண்டும் என்கிறது.

1952-இல் வந்த ‘தி வாயேஜ் ஆஃப் தி டான் ட்ரெடர்’ கதையில் யூஸ்டஸ் என்ற பையன், டிராகன் ஒன்றின் புதையல்மேல் பேராசை நினைப்போடு தூங்கி எழும்போது தானே டிராகனாகியிருக்கிறான். பாம்பு சட்டை உரிப்பதுபோல் செதில் தோலை மூன்று முறை தானே உரித்துப் பார்க்கிறான். ஒவ்வொரு முறையும் அடியில் அதே தோல். கடைசியில் சிங்கம் நகத்தால் ஆழமாகக் கீறி உரிக்கிறது, இதயம்வரை வலிக்கிறது, பிறகு அவனைத் தண்ணீரில் எறிகிறது. ஞானஸ்நானம் என்ற சொல்லே வராமல் ஒரு ஞானஸ்நானம்.

லூயிஸின் நண்பர், கத்தோலிக்கரான ஜே.ஆர்.ஆர். டோல்கினின் உலகிலும் இதுவே. ‘தி ஹாபிட்’ கதையின் 1951 திருத்தப் பதிப்பில், இருட்டுக் குகையில் கோல்லம் என்ற கொடிய பிராணியைக் கொல்ல வாய்ப்பிருந்தும் கதாநாயகன் பில்போ இரக்கப்பட்டு விட்டுவிடுகிறான். அதன் தொடர்ச்சியான ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற பெரிய காவியத்தில், தீய சக்தி கொண்ட மோதிரத்தை அழிக்கப் போன ஃப்ரோடோ கடைசி அடியில் தோற்று அதைத் தனதாக்கிக்கொள்கிறான். மோதிரம் அழிவது, அன்று உயிர்ப்பிச்சை பெற்ற கோல்லம் குறுக்கே வந்ததால்தான். மோதிரம் அழிந்த தேதி மார்ச் 25. மரியாளுக்குத் தேவதூதன் நற்செய்தி சொன்ன நாளாகத் திருச்சபை கொண்டாடும் தேதி. டோல்கினுக்கு இது தெரியாமல் வந்த தேதி அல்ல.

அப்படியானால் மந்திரம்?

பெற்றோரின் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. உபாகமம் 18 குறிசொல்வதையும் சூனியத்தையும் வெளிப்படையாகத் தடுக்கிறது. ஹாரி பாட்டர் கதைகள்மீது 1997-க்குப் பின் எழுந்த எதிர்ப்புக்கும் இந்த வசனங்களே ஆதாரம். 2001 டிசம்பரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமோகோர்டோ நகரில் அந்தப் புத்தகங்களைக் கூட்டம் கூடி எரித்தார்கள். அந்தத் தொடரின் கடைசி நூலில் ஒரு கல்லறையில் “பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்” என்ற பவுலின் வசனமே பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதை எரித்தவர்கள் அறிந்திருக்க வழியில்லை, அது 2007-இல்தான் வந்தது.

வசனம் எதைத் தடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

1. சூனியம் என்பது கடவுளைக் கேட்காமல், கடவுளுக்குப் பதிலாக வேறு சக்திகளிடம் போய் உலகத்தைத் தன் விருப்பத்துக்கு வளைக்க முயல்வது. தடை அந்த முயற்சியின்மேல்.

2. லூயிஸின் கதையில் அந்த முயற்சியைச் செய்பவர் டிகரியின் மாமா ஆண்ட்ரூ. முதலில் கினிப்பன்றிகளையும் பிறகு பிள்ளைகளையும் தன் மந்திர ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துகிறார். விதிகள் சாதாரண மக்களுக்கு, நம்மைப் போன்றவர்களின் தலையெழுத்து உயர்ந்தது, தனிமையானது என்கிறார். சில அத்தியாயங்கள் கழித்து, தன் உலகத்தையே ஒற்றைச் சொல்லால் அழித்த ஜேடிஸும் அதே வாக்கியத்தைச் சொல்கிறாள். டிகரிக்கு அது உடனே காதில் படுகிறது. லண்டன் மாடியறைக் கிழவரும் செத்த நகரத்து ராணியும் ஒரே ஆள்தான், அளவில்தான் வித்தியாசம்.

3. அஸ்லானிடம் இருப்பது அந்த வகை அல்ல. அவர் பாடுகிறார், உலகம் உண்டாகிறது. அது படைப்பு.

ஆகவே கதையில் மந்திரக்கோல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. மந்திரமே வராத கதையிலும், கெட்டிக்காரனுக்கு விதி பொருந்தாது என்று பிள்ளைக்குச் சொல்லித்தர முடியும். உபாகமத்தின் நோக்கில் எனக்கு அதுதான் ஆபத்தானதாகத் தெரிகிறது. அதே சமயம், மனச்சாட்சி இடங்கொடுக்காமல் இந்தக் கதைகளை விலக்கும் பெற்றோரைக் குறை சொல்லவும் முடியாது. ரோமர் 14 அப்படிப்பட்டவர்களுக்காகவே எழுதப்பட்ட அதிகாரம்.

லூயிஸ் சறுக்கிய இடங்கள்

இந்தக் கதைகளைக் கொடுப்பவர்கள் இதையும் தெரிந்து கொடுக்க வேண்டும். கடைசி நூலான ‘தி லாஸ்ட் பேட்டில்’ (1956) கதையில் சூசன் நார்னியாவின் தோழி அல்ல என்று விலக்கப்படுகிறாள். அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் லிப்ஸ்டிக்கும் நைலான் காலுறையும் இருக்கின்றன. வளர்ந்த பெண்ணின் ஆசைகளை இவ்வளவு சுருக்கமாகத் தள்ளியது, மிட்டாய்க்காக விழுந்த பையனுக்கு இத்தனை பக்கம் பொறுமை காட்டியவருக்குப் பொருந்தவில்லை. தெற்கே இருக்கும் கலோர்மென் நாட்டு மக்களைக் கருத்த தோலும் தலைப்பாகையும் கொடூரமும் உள்ளவர்களாக வரைந்தது அதைவிடக் கஷ்டமானது. நன்மை தீமையின் எல்லைக்கோடு ஒவ்வொரு மனதுக்குள்ளும் ஓடுகிறது என்று காட்டியவர், இங்கே அதை நாட்டு எல்லையில் போட்டுவிட்டாரோ என்று தோன்றும். எமத் என்ற கலோர்மென் வீரன் வேறு தெய்வத்தின் பெயரில் செய்த நேர்மையான வழிபாட்டை அஸ்லான் தனக்குச் செய்ததாக ஏற்றுக்கொள்வது அந்தக் குறையைக் கொஞ்சம் சரிசெய்கிறது. அதுவே சில சபைகளில் தனி விவாதமாகவும் ஆனது.

கலோர்மென் வரும் இன்னொரு கதை 1954-இல் வெளியான ‘தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்’. அந்நாட்டு இளவரசன் ரபடாஷ் சமாதான காலத்தில் அண்டை நாட்டின்மேல் திடீரென்று பாய்ந்து, தோற்று, பிடிபடுகிறான். அவனை என்ன செய்வது என்று பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள். தலையை வெட்ட அரசருக்கு முழு உரிமை உண்டு, இவன் செய்தது கொலைகாரன் செய்வது என்கிறார் ஒருவர். எட்மண்டும் அங்கே இருக்கிறான். இப்போது அவன் வளர்ந்த அரசன். உண்மைதான் என்று ஒத்துக்கொள்கிறான். துரோகிகூடத் திருந்தலாம், அப்படித் திருந்திய ஒருவனை எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, ஆழ்ந்த யோசனையில் மௌனமாகிறான்.